மாத்திரையை நிறுத்தாதீர்கள், வாயைத் திறந்து சொல்லுங்கள்!

இரவு பத்து மணி. வீட்டில் எல்லோரும் படுத்து விட்டார்கள். விளக்கு அணைந்து விட்டது.

ஒரு பெண் மட்டும் எழுந்து சமையல் அறைக்குப் போகிறாள். பருப்பு டப்பாவைச் சத்தம் இல்லாமல் திறக்கிறாள். பருப்புக்கு அடியில் கையை விட்டு ஒரு சிறு பொட்டலத்தை எடுக்கிறாள். அதில் இருந்து ஒரு மாத்திரை. ஒரு மிடறு தண்ணீர். மாத்திரை உள்ளே போய் விட்டது. யாரும் பார்க்கவில்லை.

வந்து படுக்கிறாள். தூக்கம் வரவில்லை. மணி பதினொன்று ஆகிறது. பன்னிரண்டும் ஆகிறது. கண்ணை மூடினால் கண்ட கண்ட கனவுகள். காலையில் தலை பாரமாகக் கனக்கிறது.

ஒரு வாரம் பொறுத்தாள். இரண்டு வாரம் பொறுத்தாள். மூன்றாவது வாரம், "இரண்டு நாள் மாத்திரை இல்லாமல் இருந்து பார்ப்போமே!" என்று எண்ணினாள். நிறுத்தினாள். தூக்கம் வந்தது! "அப்பாடா!" என்றாள். இரண்டு நாள் நான்கு நாள் ஆனது. நான்கு நாள் ஒரு மாதம் ஆனது.

இந்தப் பெண் யார்? அவளுக்கு ஒரு பெயர் தேவை இல்லை. எச்.ஐ.வி. கிருமிக்கு மருந்து சாப்பிடுகிற எந்த வீட்டிலும் நடக்கக் கூடியது இது.

அவள் மாத்திரையை நிறுத்தியது தவறு. பெரிய தவறு. ஆனால் அந்தத் தவறு அவள் ஒருத்தியுடையது தானா?

எங்கே தொடங்கியது?

எய்ட்ஸ் என்ற நோயைப் பற்றி 1981-ம் ஆண்டு அமெரிக்காவில் இருந்து முதல் செய்தி வந்தது. அதற்குக் காரணமான எச்.ஐ.வி. கிருமியை 1983-ல் பாரீஸ் நகரில் விஞ்ஞானிகள் கண்டு பிடித்தார்கள்.

இந்தியாவில் அந்தக் கிருமி இருப்பது முதன் முதலாகத் தெரிய வந்தது எங்கே தெரியுமா? நம் சென்னையில்தான்! 1986-ம் ஆண்டு, சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும், அவரிடம் படித்த மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்தம் வேலூரில் பரிசோதிக்கப்பட்டது. ஆறு பெண்களின் ரத்தத்தில் கிருமி இருப்பது தெரிந்தது.

அப்போது கையில் மருந்து இல்லை. "எய்ட்ஸ் வந்தால் சாவுதான்" என்ற பேச்சு ஊர் ஊராகப் பரவியது. அந்தப் பேச்சு இன்றும் பலர் காதில் ஒலித்துக் கொண்டு இருக்கிறது.

ஆனால் காலம் மாறி விட்டது.

1996-ல், மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் கிருமி அடங்கி விடுகிறது என்று தெரிந்தது. இதற்குத்தான் கூட்டு மருந்து சிகிச்சை என்று பெயர். தொடக்கத்தில் அதன் விலை யானை விலை! ஒருவருக்கு ஓர் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். 2001-ல் மும்பையில் உள்ள சிப்லா கம்பெனி, அதே மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. உலகமே திரும்பிப் பார்த்தது.

2004-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி, இந்திய அரசு இந்த மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. முதலில் எட்டு அரசு ஆஸ்பத்திரிகள். அவற்றில் ஒன்று தாம்பரம் நெஞ்சக நோய் ஆஸ்பத்திரி. 1928-ல் காச நோய்க்காகத் தொடங்கிய ஆஸ்பத்திரி அது.

இன்று அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் மருந்துக்கும் காசு இல்லை. பரிசோதனைக்கும் காசு இல்லை. 2023-ம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் சுமார் 25 லட்சம் பேர் இந்தக் கிருமியோடு வாழ்கிறார்கள். ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறவர்கள் வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். பேரன் பேத்தி எடுக்கிறார்கள்.

"ஒழுங்காக" என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது.

நிறுத்தினால் என்ன ஆகும்?

மருந்து கிருமியை அடக்கி வைக்கும், அடியோடு அழிக்காது. உடம்பின் சில அணுக்களுக்குள் கிருமி ஒளிந்து கொண்டே இருக்கும். மருந்து நின்றால், பெரும்பாலும் சில வாரங்களிலேயே வெளியே வந்து பெருகத் தொடங்கும்.

அதை விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு.

பயிருக்குப் பூச்சி மருந்து அடிக்கிற விவசாயியைக் கேளுங்கள். அரைகுறையாக அடித்தால் என்ன ஆகும்? பலவீனமான பூச்சி சாகும். தாக்குப் பிடிக்கிற பூச்சி தப்பிக்கும். தப்பியது குஞ்சு பொரிக்கும். அடுத்த முறை அதே மருந்தை எவ்வளவு அடித்தாலும் பூச்சி அசையாது.

எச்.ஐ.வி. கிருமியும் அப்படித்தான். அது தன்னைப் போலவே நகல் எடுத்துக் கொண்டு பெருகுகிறது. அவசரமாக நகல் எடுப்பதால் பிழைகள் விழுகின்றன. சில பிழைகள் கிருமிக்குக் கேடயமாக அமைந்து விடும். மாத்திரையை இன்று போட்டு, நாளை விட்டு, மறுநாள் போட்டால், கேடயம் உள்ள கிருமிதான் மிஞ்சும். பிறகு அந்த மருந்து பலிக்காது. வேறு மருந்துக்கு மாற வேண்டும். அது பல நேரங்களில் கூடுதல் மாத்திரை, கூடுதல் தொல்லை.

"மருந்தின் தொல்லை குறையட்டும் என்று நடுநடுவே ஓய்வு கொடுத்தால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். டாக்டர்களுக்கும் ஒரு காலத்தில் அந்த எண்ணம் வந்தது. அதனால் 33 நாடுகளில் 5,472 நோயாளிகளைச் சேர்த்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. பாதிப் பேர் விடாமல் மருந்து சாப்பிட்டார்கள். மறு பாதிப் பேருக்கு, உடம்பு நன்றாக இருக்கும் காலத்தில் மருந்தை நிறுத்தி ஓய்வு கொடுத்தார்கள்.

முடிவு என்ன? ஓய்வு கொடுக்கப்பட்டவர்களுக்குக் கடும் நோயும் மரணமும் இரண்டரை மடங்கு அதிகம்! அது மட்டும் அல்ல. மருந்தின் தொல்லை என்று எண்ணி அஞ்சிய இதய நோய், சிறுநீரக நோய், கல்லீரல் நோய் ஆகியவை கூட, மருந்தை விட்டவர்களுக்குத்தான் அதிகமாக வந்தன. 2006-ம் ஆண்டு ஜனவரியில், "போதும், எல்லோருக்கும் மருந்து கொடுங்கள்" என்று ஆராய்ச்சியில் ஓய்வு கொடுப்பதை நிறுத்தி விட்டார்கள்.

மருந்து தரும் தொல்லையை விட, மருந்தை விடுவது தரும் தொல்லை பெரிது என்பது அன்றே தெளிவாகி விட்டது.

தொல்லை உண்டு, உண்மைதான்

அதற்காக, "மருந்தால் ஒரு தொல்லையும் இல்லை" என்று சொல்வது பொய். சாப்பிடுகிறவருக்குத் தெரியும் அந்தப் பாடு.

முன்பு இன்னும் மோசம். 1987-ல் வந்த முதல் மருந்து ஜிடோவுடின். அதை நான்கு மணிக்கு ஒரு தடவை சாப்பிட வேண்டும். நடு இரவில் கூட எழுந்து விழுங்க வேண்டும். பலருக்கு ரத்த சோகை வந்தது. ஸ்டாவுடின் என்ற மருந்தால் பாதம் எரிந்தது. கன்னம் ஒட்டிப் போனது. "முகத்தைப் பார்த்தே ஊர் கண்டு பிடித்து விடுமே!" என்று அழுதவர்கள் உண்டு. அந்த மருந்தைக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் 2009-ல் சொல்லி விட்டது. எபாவிரென்ஸ் சாப்பிட்டவர்களுக்குத் தலை சுற்றியது. பயங்கரக் கனவுகள் வந்தன.

இன்று பெரும்பாலோர் சாப்பிடுவது ஒரு நாளைக்கு ஒரே ஒரு மாத்திரை. டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் ஆகிய மூன்றும் அந்த ஒன்றுக்குள்ளேயே இருக்கின்றன. பழைய மருந்துகளை விட இது எவ்வளவோ சாது.

ஆனாலும் சிலருக்கு முதல் சில வாரங்கள் குமட்டல் வரும். தலைவலி வரும். வயிறு சரியாக இராது. தூக்கம் கெடும். பெரும்பாலோருக்கு இவை தாமாகவே தணிந்து விடும்.

தணியும் வரை என்ன செய்வது?

குமட்டலா? வெறும் வயிற்றில் போடாமல் சாப்பிட்ட பிறகு மாத்திரை போடலாம். இட்லி, கஞ்சி, ரசம் சாதம் என்று எளிய உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிடலாம்.

வயிற்றுப் போக்கா? தண்ணீரும் உப்பும் உடம்பை விட்டுப் போகிறது. ஓ.ஆர்.எஸ். கரைசல் குடிக்க வேண்டும். நிற்காவிட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

தூக்கம் வரவில்லையா? இரவு மாத்திரையைக் காலை நேரத்துக்கு மாற்றிக் கொள்ளலாமா என்று டாக்டரைக் கேட்க வேண்டும். பலருக்கு இந்த ஒரு மாற்றமே போதும்.

உடல் எடை கூடுகிறதா? சிலருக்கு அப்படி ஆகும். எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைத்து, தினமும் நடக்க வேண்டும். எடை ஏறுகிறதே என்று மாத்திரையைக் குறைக்கக் கூடாது.

சிறுநீரகமும் சர்க்கரையும் சரியாக இருக்கின்றனவா என்று ரத்தப் பரிசோதனை செய்வார்கள். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. வெளியே தெரியாத தொல்லையைக் காட்டிக் கொடுப்பது அந்தப் பரிசோதனைதான்.

இதைப் பொறுக்காதீர்கள்!

சில தொல்லைகளைப் பொறுத்துக் கொண்டு இருக்கவே கூடாது.

உடம்பில் தடிப்புடன் காய்ச்சல், வாயில் புண், தோல் உரிதல், கண் மஞ்சள் ஆகுதல், விடாத வாந்தி, மூச்சுத் திணறல், முகம் வீங்குதல். இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அடுத்த மாதம் மருந்து வாங்கப் போகும்போது சொல்லிக் கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. மருந்தை மாற்றுவதா, நிறுத்துவதா என்பதை டாக்டர் முடிவு செய்வார். அபாகாவிர் என்ற மருந்து ஒத்துக் கொள்ளாமல் டாக்டர் நிறுத்தி விட்டால், அதைப் பிறகு ஒருபோதும் வாயில் போடக் கூடாது. போட்டால் உயிருக்கே ஆபத்து.

உடம்பு நோவதை விட மனம் நோவது சிலருக்கு அதிகமாக இருக்கும். எதிலும் பிடிப்பு இல்லை, சாகலாம் போல் இருக்கிறது என்ற எண்ணம் வந்தால் அதையும் மறைக்காமல் டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும். அதுவும் ஒரு நோய்க் குறிதான். அதற்கும் வைத்தியம் உண்டு.

மஞ்சள் காமாலையில் ஒரு வகையான ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். இதே மாத்திரைதான் அந்தக் கிருமியையும் அடக்கி வைக்கிறது. திடீர் என்று நிறுத்தினால் கல்லீரல் கடுமையாகக் கெடலாம்.

மருந்துக்கு மருந்து பகை

நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் மருந்து எச்.ஐ.வி. மாத்திரையின் பலத்தைக் குறைத்து விடும். அந்த மருந்து தேவைப்பட்டால், டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரையை அதற்கு இரண்டு மணி நேரம் முன்போ, ஆறு மணி நேரம் பின்போ போட வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையும், கால்சியம் மாத்திரையும் வெறும் வயிற்றில் இதனோடு சேரக் கூடாது. கர்ப்பிணிப் பெண்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

காச நோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசின், டோலுடெக்ராவிரைக் கரைத்து விடும். அப்போது கூடுதலாக ஒரு வேளை மருந்து கொடுப்பார்கள். வலிப்பு மாத்திரை, சர்க்கரை மாத்திரை, நாட்டு மருந்து எது சாப்பிட்டாலும் ஏ.ஆர்.டி. மைய டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

மறந்து போனால்?

மனிதர் என்றால் மறதி உண்டு. மறந்தது நினைவுக்கு வந்த உடனே மாத்திரையைப் போட்டுக் கொள்ள வேண்டும். அடுத்த வேளை நெருங்கி விட்டது என்றால் அந்த வேளை மாத்திரையை மட்டும் போட்டால் போதும். விட்டதையும் சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது.

ஒரே நேரம் வைத்துக் கொள்வது நல்லது. காலைக் காப்பியோடு என்றோ, பள்ளிக்குப் பிள்ளை கிளம்பியதும் என்றோ வைத்துக் கொள்ளலாம். செல்போனில் மணி அடிக்க வைக்கலாம். திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ வெளியூர் போனால் இரண்டு நாள் மாத்திரை கூடவே எடுத்துப் போக வேண்டும். பஸ் தாமதம் ஆகலாம் அல்லவா?

மாத்திரை விட்டுப் போயிருந்தால் மையத்தில் அதைச் சொல்ல வேண்டும். திட்டுவார்களோ என்று பயந்து மிச்ச மாத்திரையைக் குப்பையில் போட்டு விட்டு, "ஒன்று விடாமல் சாப்பிட்டேன்" என்று சொல்கிறவர்கள் உண்டு. அதனால் ஏமாறுவது டாக்டர் அல்ல.

வீட்டார் என்ன செய்ய வேண்டும்?

இப்போது பருப்பு டப்பாவுக்கு வருவோம்.

அந்தப் பெண்ணின் தூக்கம் கெட்டதற்குச் சுலபமான வழி இருந்தது. மாத்திரையைக் காலையில் போட்டால் போதும். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் டாக்டர் சொல்லி இருப்பார்.

ஆனால் காலையில் அவள் எப்படிப் போடுவாள்? காலையில் சமையல் அறையில் மாமியார் இருக்கிறார். நாத்தனார் இருக்கிறார். பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லோரும் தூங்கிய பிறகுதான் அவளுக்கு மாத்திரை நேரம்! அவள் தூக்கத்தைக் கெடுத்தது மாத்திரை பாதி. வீட்டுக்குப் பயந்து ஒளித்தது மீதி.

ஏன் பயம்? தட்டைத் தனியாக வைப்பார்கள் என்ற பயம். பிள்ளையைத் தூக்க விடமாட்டார்கள் என்ற பயம்.

இந்தப் பயத்துக்குக் காரணம் அறியாமை. ஒரே தட்டில் சாப்பிடுவதால் எச்.ஐ.வி. பரவாது. ஒரே குடத்துத் தண்ணீரால் பரவாது. தொட்டால் பரவாது. கொசு கடித்தாலும் பரவாது.

இன்னொரு செய்தியும் வீட்டார் தெரிந்து கொள்ள வேண்டும். ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டு பிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நிலைத்து விட்டால், உடலுறவின் மூலம் கூடக் கணவனிடம் இருந்து மனைவிக்கோ, மனைவியிடம் இருந்து கணவனுக்கோ கிருமி தொற்றாது. ஐரோப்பாவில் பல நூறு ஜோடிகளை ஆண்டுக் கணக்கில் கவனித்த இரு ஆராய்ச்சிகளின் முடிவுகள் 2016-லும் 2019-லும் வந்தன. அப்படி மருந்து சாப்பிட்ட துணையிடம் இருந்து ஒருவருக்குக் கூடத் தொற்றவில்லை!

தாய் மருந்து சாப்பிட்டால் குழந்தையும் தப்புகிறது. மருந்து இல்லாவிட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகள் வரை தொற்றலாம். மருந்து எடுத்தால் அது ஐந்துக்கும் கீழே இறங்கி விடும். ஆகவே மருமகள் விழுங்குகிற மாத்திரை அவளை மட்டும் அல்ல, அந்த வீட்டின் வாரிசையும் காப்பாற்றுகிறது.

யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பது நோயாளியின் உரிமை. கட்டாயப் படுத்தக் கூடாது. முதலில் மையத்தில் உள்ள ஆலோசகரிடம் பேசலாம். பிறகு வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லலாம். ஒருவர் போதும். "மாத்திரை போட்டாயா?" என்று கேட்க ஓர் ஆள், "ராத்திரி தூங்கவில்லையே, என்ன?" என்று கவனிக்க ஓர் ஆள்.

வெளியில் உள்ளவர்களுக்குப் பயப்பட வேண்டியது இல்லை. 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10-ந் தேதி முதல் நடப்பில் உள்ள சட்டம் நோயாளிக்குத் துணை நிற்கிறது. கிருமியைக் காரணம் காட்டி நியாயம் இல்லாமல் வேலையை விட்டு நீக்குவதும், பள்ளியிலோ ஆஸ்பத்திரியிலோ ஒதுக்குவதும் அந்தச் சட்டப்படி கூடாது. சிகிச்சை பற்றிய விவரத்தை ஆஸ்பத்திரி ரகசியமாகக் காக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். காசு இல்லை. பெயர் சொல்ல வேண்டியதும் இல்லை.

ஆனால் வீட்டுக்குள் சட்டம் வந்து தட்டை எடுத்து வைக்காது. அதை வீட்டார்தான் செய்ய வேண்டும்.

மாத்திரையை விட்டு விட்ட அந்தப் பெண்ணுக்கும் வழி அடைந்து போய் விடவில்லை. நாளைக் காலையே அவள் மையத்துக்குத் திரும்பப் போகலாம். "நிறுத்தி விட்டேன். தூக்கம் வரவில்லை. வீட்டில் தெரியாது" என்று மூன்று உண்மைகளைச் சொல்லலாம். பரிசோதனை செய்து மறுபடியும் மருந்து கொடுப்பார்கள். எவ்வளவு சீக்கிரம் போகிறாளோ அவ்வளவுக்கு நல்லது.

அவள் திரும்பி வரும்போது வீடு எப்படி இருக்க வேண்டும்?

மாத்திரை டப்பா பருப்புக்கு அடியில் இருக்கக் கூடாது. மாமனாரின் ரத்தக் கொதிப்பு மாத்திரையும், மாமியாரின் சர்க்கரை மாத்திரையும் இருக்கும் அதே அலமாரியில், பிள்ளைகள் கைக்கு எட்டாத அதே தட்டில், அதுவும் இருக்க வேண்டும். காலையில் காப்பி கொடுக்கும்போது மாமியார் ஒரு டம்ளர் தண்ணீரையும் பக்கத்தில் வைத்து, "மாத்திரை போட்டுக்கோம்மா" என்று சொல்ல வேண்டும்.

அவ்வளவுதான். அதற்குப் பணம் வேண்டாம், படிப்பு வேண்டாம். அந்த ஒரு டம்ளர் தண்ணீர் போதும்; அன்று இரவு அவள் நிம்மதியாகத் தூங்குவாள்.